ஆளுக்கொரு மீட்டர்

தமிழ்நாட்டில் மாதிரி ரயில் கட்டும் அன்பர்களுக்கு,

சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் இன்னும் எத்தனையோ ஊர்களிலும் மாடியறையின் மூலையிலோ, கட்டிலுக்கு அடியில் தள்ளிவைக்கிற பலகையிலோ நீங்கள் தண்டவாளம் பதித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த வேலைக்குப் பின்னால் இருக்கும் பொறுமையை வெளியுலகம் அவ்வளவாக அறியாது. உங்கள் எல்லோரிடமும் ஒரே கோரிக்கையோடு வந்திருக்கிறேன். உங்களுக்குள் நட்பாக ஒரு கட்டும் போட்டி நடத்துங்கள். அதைக் கள்ளக்குறிச்சியில் நடத்துங்கள். கையால் கட்டியதற்கே மதிப்பெண், கடையில் வாங்கியதற்கு இல்லை என்று விதி வகுத்து, அந்த ஊர் மரச்சிற்பிகளை நடுவர்களாக உட்காரவைத்து நடத்துங்கள். ஏன் அந்த ஊர், ஏன் இந்த விதி என்பதைச் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும்.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். போட்டி என்று அறிவித்துவிட்டு விதியைத் தளர்வாக விட்டால், யார் மேசையில் ஜெர்மன் எஞ்சின் நிற்கிறது, யார் ஜப்பானியத் தண்டவாளம் போட்டிருக்கிறார் என்பதில்தான் அது போய் முடியும். 2020-ல் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆனது. 2023-ல் 70 ஆனது. மின்சார மாதிரி ரயிலும் அதன் தண்டவாளமும் அதே தலைப்பின்கீழ்தான் வருகின்றன. ஆக, வெளிநாட்டுப் பெட்டியைப் பிரித்து அடுக்குபவருக்குப் பரிசு என்றால், வரி கட்ட வசதியுள்ளவருக்குப் பரிசு என்றுதான் பொருள். அப்படிப்பட்ட போட்டியில் தோற்றவருக்குக் கற்றுக்கொள்ள ஒன்றும் இராது. ஏக்கம் மட்டும் மிஞ்சும். பள்ளி மாணவன் ஒருவன் அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டிச் செய்த சரக்கு வேகனை அந்தக் கூடத்துக்குக் கொண்டுவரவே கூசுவான். உங்கள் கலைக்கு அடுத்த தலைமுறை வேண்டுமென்று நீங்கள் நினைத்தால், அவன் கூசாமல் உள்ளே வரத்தக்க போட்டியை முதலில் உருவாக்குங்கள்.

இது நமக்குப் புதிய பாடமும் அல்ல. நவராத்திரிக் கொலுவுக்கு முன்னால் தரையில் போடுகிற பூங்காவை எண்ணிப் பாருங்கள். மணலைக் குவித்து மலை, முகம்பார்க்கும் கண்ணாடியைப் பதித்துக் குளம், கேழ்வரகையோ வெந்தயத்தையோ முளைக்கவைத்துப் புல்வெளி, அதைச் சுற்றி ஓடும் ஒரு சாவி ரயில். நிலக்காட்சி அமைப்பது என்று நீங்கள் சொல்லும் வேலையைத் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் பல தலைமுறைகளாகச் செய்துவந்திருக்கிறார்கள். தெருவில் யார் வீட்டுக் கொலு அழகு என்ற நட்பான போட்டியும் கூடவே இருந்திருக்கிறது. அந்தப் பூங்கா இன்று பல வீடுகளில் மறைந்துவருகிறது. கல்யாண செட், கிரிக்கெட் செட் என்று முழுத் தொகுப்பாகவே கடையில் கிடைக்கிறது; வாங்கி வைத்தால் போதும். முளைப்பாரிக்கு ஒரு வாரம் தண்ணீர் தெளித்த பிள்ளையின் வேலையும் பெட்டியிலிருந்து எடுத்து வைத்த பொம்மையும் ஒரே தட்டில் நிறுக்கப்பட்டபோதே, தண்ணீர் தெளிப்பதற்கான காரணம் போய்விட்டது. உங்கள் போட்டியிலும் அதுவே நடந்துவிடக் கூடாது.

கையுழைப்பை நியாயமாக அளக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியும்; அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய தேசிய மாதிரி ரயில் சங்கம் தன் மதிப்பீட்டில் மொத்தம் 125 புள்ளி வைத்திருக்கிறது. கட்டுமானத்துக்கு 40, நுணுக்கத்துக்கு 20, அசலோடு பொருந்துவதற்கு 25, வண்ணப்பூச்சுக்கும் எழுத்துக்கும் 25, ஆயத்தப் பொருளின்றி மூலப்பொருளிலிருந்தே செய்ததற்கு 15. இதில் 87.5 புள்ளி எடுத்தவருக்குத் தகுதிச் சான்று உண்டு. பக்கத்து மேசைக்காரர் எவ்வளவு எடுத்தார் என்ற கேள்வியே அங்கு எழாது. பத்துப் பேர் தேறினால் பத்துப் பேருக்கும் சான்று. ஒருவரும் தேறாவிட்டால் ஒருவருக்கும் இல்லை. போட்டி வைத்தால் நட்பு கெடும், இது மனநிறைவுக்கான பொழுதுபோக்கு, இதில் மதிப்பெண் எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அந்த அச்சம் நியாயமானதுதான். ஆனால் நட்பைக் கெடுப்பது முதலிடம் என்ற ஒற்றை நாற்காலி. அதை எடுத்துவிட்டு, எல்லோரும் எட்டக்கூடிய ஒரு வரம்பை வைத்து, எங்கே புள்ளி குறைந்தது என்பதை நடுவர் எழுத்தில் கொடுத்துவிட்டால், தோல்வி என்று ஒன்று இராது. அடுத்த முறை எதைத் திருத்தலாம் என்ற தாள் ஒன்று கையில் இருக்கும். இன்னொருவர் தரும் விடாப்பிடியான கருத்து இல்லாமல் எந்தக் கைவேலையும் ஓர் எல்லைக்கு மேல் வளர்ந்ததில்லை. பாராட்டு மட்டுமே பரிமாறிக்கொள்ளும் குழுவில் எல்லோரும் மகிழ்ச்சியாக இருப்பார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் நின்றுகொண்டும் இருப்பார்கள்.

அந்த 125 புள்ளிகளை இன்னொரு முறை பாருங்கள். ரயில்வேயைப் பற்றிய அறிவு கட்டாயம் தேவைப்படுவது அசலோடு பொருந்தும் அந்த 25-க்குத்தான். மற்ற 100 புள்ளியும் இணைப்பு சரியாக உட்கார்ந்திருக்கிறதா, அளவு பிசகாமல் இருக்கிறதா, மேற்பரப்பு சுத்தமாக இருக்கிறதா, கை தயங்கிய இடம் எது என்பவற்றைக் கண்டுசொல்லும் கண்ணுக்கு உரியவை. அந்தக் கண் உள்ளவர்கள் கூட்டமாக வாழும் ஊர் கள்ளக்குறிச்சி. அந்த வட்டாரத்தின் மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயில் வாகனங்களுக்கும் தேருக்கும் கதவுகளுக்கும் உருவம் கொடுத்துவரும் அந்தக் கைகளுக்கு அளவுவிகிதம் பற்றி நீங்கள் வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஸ்கேல் என்று நீங்கள் சொல்வதைச் சிற்ப மரபு தாலமானம் என்கிறது. முகத்தின் நீளம் ஒரு தாலம். அதிலிருந்து கழுத்து எத்தனை அங்குலம், முழங்கால் எத்தனை அங்குலம் என்று உருவம் முழுவதும் கணக்காக இறங்கும். உருவம் ஓரடியோ ஆறடியோ, விகிதம் மாறாது. 1:87 என்று சொல்லி நீங்கள் ஜன்னலையும் சக்கரத்தையும் அளப்பதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு ஏது? இரண்டு அளவு மரபுகளும் ஒரே மேசையில் சந்திக்க ஒரு வாய்ப்பு கிடைத்தால், அதில் கற்றுக்கொள்ளப்போகிறவர்கள் பெரும்பாலும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். போகட்டும், மிக நடைமுறையான ஒரு காரணமும் இருக்கிறது. புல்லுக்கும் மண்ணுக்கும் சாயமேற்றிய நுரைத்தூளைப் பொட்டலம் பொட்டலமாக வாங்குகிறீர்கள். அந்தத் தூள் சந்தைக்கு வரும் முன்பு உலகெங்கும் மாதிரி ரயில்காரர்கள் புல்தரைக்குச் சாயமேற்றிய மரத்தூளையே தூவினார்கள். சிற்பப் பட்டறைகளில் அது தரையெல்லாம் கிடக்கிறது.

சிற்பிகளை அழைப்பது பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். அவர்கள் கூலி நாளை விட்டுவிட்டு உங்கள் பொழுதுபோக்குக்கு வந்து உட்காரவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நடுவராக வரும் சிற்பிக்கு ஒரு நாள் வேலைக்கான முழு ஊதியத்தைக் கொடுங்கள். சால்வையும் ஒரு புகைப்படமும் அந்த ஊதியத்துக்கு ஈடாகாது. ஓர் எஞ்சினுக்கு நீங்கள் செலவழிக்கும் தொகையில் சிறு பகுதி இதற்குப் போதும். சிற்பி தாமே ஒரு பகுதியைக் கட்ட விரும்பினால் அதைக் கேட்ட விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். உயரமான சிலைகளைச் செதுக்கிப் பழகிய கைக்கு ஒரு சென்டிமீட்டர் மனிதனைச் செதுக்குவது சவாலாக இருக்குமா, எரிச்சலாக இருக்குமா என்பதை அவர்தான் சொல்லவேண்டும். விருப்பமில்லை என்று அவர் சொன்னால் அந்தச் சொல்லுக்கும் மரியாதை கொடுங்கள்.

இனி, எதைக் கட்டுவது? கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாகத் தொடங்கியபோது அதன் தலைநகருக்கு ரயில் இல்லை. சேலம்–விருத்தாசலம் பாதை சின்னசேலம் வழியே போய்விடுகிறது. உளுந்தூர்பேட்டை பக்கம் விழுப்புரம்–விருத்தாசலம் பாதை போகிறது. நடுவில் இருந்த ஊர் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் புதிய பாதை என்பது அந்த மக்களின் நெடுநாள் கோரிக்கையிலிருந்து பிறந்த திட்டம். நீங்கள் கட்டவேண்டியது அந்தப் பாதையைத்தான். கணக்கைப் பாருங்கள். ‘என்’ (N) எனப்படும் ஸ்கேலில் அசலின் 160-ல் ஒரு பங்கு அளவு. 16 கிலோமீட்டரை 160-ஆல் வகுத்தால் சரியாக 100 மீட்டர். நீளத்தைச் சுருக்காமல், இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு வயலைக்கூட விட்டுவிடாமல், ஒரு முழு ரயில் பாதையையும் அசல் விகிதத்தில் கட்டிவிடலாம். பொதுவாக மாதிரி ரயில் உலகில் இது நடப்பதில்லை. இரண்டு நிலையங்களுக்கு இடையே இருபது கிலோமீட்டர் இருந்தால் நான்கு மீட்டரில் முடித்துவிடுவதுதான் வழக்கம். இங்கே ஆளுக்கு ஒரு மீட்டர் எடுத்துக்கொண்டால் நூறு பேர் போதும். ஒரு மீட்டர் என்பது அசலில் 160 மீட்டர் நிலம்: ஒரு கரும்புத் தோட்டம், ஒரு மரவள்ளிக் காடு, ஒரு கிணறு, வரப்போரம் நாலு பனைமரம்.

கையால் கட்டவேண்டும் என்ற விதி தானாகவே வந்து சேர்வதும் இங்கேதான். ஐரோப்பியக் கடைகளில் ஊசியிலை மரமும் கூம்புக் கூரை வீடும் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். பனைமரம், கரும்பு, மாவு காயும் களத்தோடு ஒரு ஜவ்வரிசி ஆலை, தகரக்கொட்டகை டீக்கடை இவற்றையெல்லாம் எந்தப் பெட்டியில் தேடுவீர்கள்? பதினைந்து மீட்டர்ப் பனை 1:160-ல் ஏறத்தாழ ஒன்பதரை சென்டிமீட்டர் இருக்கும். மூன்று மீட்டர்க் கரும்பு இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. தென்னந்துடைப்பக் குச்சியும் தேங்காய் நாரும் தாளும் பசையும் வைத்துத்தான் இவற்றைச் செய்தாகவேண்டும். அப்போது வசதியுள்ளவரும் இல்லாதவரும் ஒரே கோட்டில் நிற்பார்கள்.

நட்புப் போட்டி என்ற சொல்லின் முழுப் பொருளும் இந்த நூறு மீட்டரில்தான் இருக்கிறது. ஒவ்வொருவர் பலகையும் அடுத்தவர் பலகையோடு பொருந்தவேண்டும். தண்டவாளம் விளிம்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் வெளியேறும், பலகையின் உயரம் என்ன, மின்கம்பி இணைப்பு எப்படி என்பவை எல்லோருக்கும் பொது. உங்கள் முனை ஒரு மில்லிமீட்டர் விலகினால் ரயில் தடம் புரள்வது உங்கள் பலகையிலிருந்து அடுத்தவர் பலகைக்குள் நுழையும் இடத்தில். ஆகவே உங்கள் போட்டியாளருடைய வேலை சரியாக இருக்கவேண்டும் என்று நீங்களே விரும்பியாகவேண்டும். தேவைப்பட்டால் அவருக்குக் கைகொடுத்தாகவேண்டும். இது வெறும் கற்பனை அல்ல. 1970களில் கலிபோர்னியாவில் தொடங்கிய என்ட்ராக் முறையில், முன்பின் அறியாதவர்கள் தனித்தனியாகக் கட்டிவந்த நான்கடிப் பலகைகளை ஒரு கூடத்தில் சேர்த்து ஒரே பாதையாக ரயில் ஓட்டினார்கள். ஜப்பானில் 2009-லிருந்து உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென்றே தேசிய அளவில் மாதிரி ரயில் போட்டி நடக்கிறது. பள்ளிகள் கொண்டுவரும் பலகைகளை இணைக்கிறார்கள். இவற்றுக்கு நேர்மாறாக நம் நாட்டில் புகழ்பெற்ற புனே ஜோஷி சிறு ரயில் அருங்காட்சியகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1998-ல் திறக்கப்பட்ட அது ஒரு மனிதரின் வாழ்நாள் ஆசையில் விளைந்தது, போற்றத்தக்கது. ஆனால் அங்கே போகிறவர் பார்வையாளர். பார்ப்பவர் பெருகினால் கலைக்குப் புகழ் வரும். கட்டுபவர் பெருகினால்தான் கலை தொடரும்.

துல்லியத்தை உயிராக மதிப்பவர்கள் உங்களுக்குள் உண்டு; அவர்களுடைய மறுப்பு எனக்குத் தெரியும். நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 160-ஆல் வகுத்தால் பத்தரை மில்லிமீட்டர் வரும். ‘என்’ ஸ்கேல் தண்டவாளமோ 9 மில்லிமீட்டர். பாதை ஒன்றரை மில்லிமீட்டர் ஒடுங்கித் தெரியும், இது அசல் ஆகுமா என்பீர்கள். குறை உண்மைதான். ஆனால் பிரிட்டனில் பெரும்பாலோர் கட்டும் ‘ஓஓ’ (OO) ஸ்கேலிலும் இதே குறை இருக்கிறது; 18.83 மில்லிமீட்டர் இருக்கவேண்டிய இடத்தில் 16.5 மில்லிமீட்டர்த் தண்டவாளம் போட்டே தலைமுறை தலைமுறையாக அவர்கள் அருமையான வேலைகளைச் செய்துவந்திருக்கிறார்கள். சரியான அகலத்தில் தாமே தண்டவாளம் செய்து பதிக்கிறேன் என்பவருக்கு மூலப்பொருளிலிருந்து செய்ததற்கான புள்ளியைத் தாராளமாகக் கொடுங்கள். பலகையின் இரு முனைகளில் மட்டும் 9 மில்லிமீட்டருக்கு வந்து சேரச் சொல்லுங்கள். அந்த ஒன்றரை மில்லிமீட்டரைக் காரணமாக்கி நூறு பேரைச் சேரவிடாமல் செய்வது துல்லியத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

சென்னையை விட்டுவிட்டு ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்பவர்களும் இருப்பீர்கள். பெரம்பூரில் 1955 முதல் ரயில் பெட்டி செய்யும் தொழிற்சாலை இருக்கிறது, ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது, கூட்டமும் கூடும். உண்மையே. ஆனால் ரயிலோடு வளர்ந்த ஊரில் மாதிரி ரயில் ஒரு நினைவு. நெடுங்காலம் ரயிலைக் கேட்டுக்கொண்டே இருந்த ஊரில் அது வேறு பொருள் பெறும். பாதை எந்த வயலைக் கடக்கிறது, எந்த ஓடைக்குப் பாலம் வருகிறது என்று அங்குள்ளவர்கள் விரலால் தொட்டுக் காட்டுவார்கள். உங்கள் பிழைகளையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். அசலோடு பொருந்தும் அந்த 25 புள்ளிக்கு அவர்களைவிட நல்ல நடுவர்கள் கிடைக்கமாட்டார்கள். வண்டிகளைப் பொறுத்தவரை பழையதையும் விட்டுவிடாதீர்கள். சேலம்–விருத்தாசலம் பாதை மீட்டர் கேஜாக இருந்தது. 1992-ல் தொடங்கிய ஒரே கேஜ் திட்டத்தின் அலையில் தமிழ்நாட்டின் மீட்டர் கேஜ் பாதைகள் ஏறக்குறைய முழுதும் மறைந்தன. மீட்டர் கேஜ் பாதைகளில் ஓடிய ஒய்.பி., ஒய்.ஜி. நீராவி எஞ்சின்களைத் தனி மேசையில் ஓடாத மாதிரிகளாக வைக்கவும் ஒரு பிரிவு கொடுங்கள். மரத்தில் செதுக்கப்பட்ட ஒரு ஒய்.பி. எஞ்சினைக் கற்பனை செய்து பாருங்கள்.

கல்வராயன் மலையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பாதையைப் பற்றிச் சொல்ல முடியாது. சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சி நோக்கிப் போகிறவருக்கு இடப்பக்கத் தொடுவானத்தில் அந்த மலைதான். ஆயிரம் மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டாலும் 1:160-ல் அது ஆறேகால் மீட்டர். எந்தக் கூடத்துக்குள்ளும் கட்ட முடியாது. பலகைகளுக்குப் பின்னால் நூறு மீட்டர் நீளத்துக்குத் திரையாகத் தீட்டவேண்டியதுதான். அதைத் தீட்டும் பொறுப்பை மலைமேல் இருக்கும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டுப் பெறுங்கள். வண்ணமும் தூரிகையும் பயணச் செலவும் உங்களுடையதாக இருக்கட்டும். அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தவர்கள். அவர்கள் மலையை மற்றவர்கள் வரைந்த வரைபடங்களே அதிகம். எந்த முகடு எதற்குப் பின்னால் மறையும், கோமுகி ஆறு எந்தப் பிளவிலிருந்து இறங்கும், மழைக்குப் பின் எந்தச் சரிவு முதலில் பச்சையாகும் என்பதெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர்களைத் தலைச்சுமையோடு நிற்கும் ஒரு சென்டிமீட்டர் உருவங்களாகக் காட்சிக்கு வைத்துவிடாதீர்கள். உங்களில் ஒருவராக, தங்கள் பெயர் எழுதிய திரையோடு அவர்கள் அந்தக் கூடத்தில் நிற்கட்டும். அவர்களுக்கும் அதே மதிப்பெண் தாள், அதே எழுத்துக் கருத்து. சலுகைப் புள்ளி வேண்டாம்.

ஆகவே, அன்பர்களே, நான் கேட்பது இவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரப்பலகை ஊதும், இணைப்பு பிசகும். பொங்கல் கழிந்த பிறகு தை மாதத்தில் ஒரு சனி, ஞாயிறைத் தேர்ந்தெடுங்கள். கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தையோ திருமண மண்டபத்தையோ கேட்டுப் பெறுங்கள். நூறு மீட்டரும் ஒரே நேர்கோட்டில் போகவேண்டியதில்லை. ஐந்து வரிசையாக மடக்கி வைத்தால் இருபது மீட்டர்க் கூடம் போதும். நூறு பேர் முதல் ஆண்டே சேராவிட்டாலும் தள்ளிப்போடாதீர்கள். இருபது பேர் வந்தால் சின்னசேலத்திலிருந்து இருபது மீட்டர் கட்டுங்கள். அடுத்த ஆண்டு அங்கிருந்து தொடருங்கள். பலகையின் அளவு, உயரம், தண்டவாள முனை ஆகியவற்றை ஒரே தாளில் தமிழில் எழுதிக் கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பள்ளிகளுக்கும் சிற்பப் பட்டறைகளுக்கும் முதலில் அனுப்புங்கள்; உங்களுக்குள் சுற்றுக்கு விடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும். ஒவ்வொரு பலகையோடும் எதை வாங்கினீர்கள், எதைச் செய்தீர்கள் என்ற உண்மையான பட்டியல் வரவேண்டும் என்று விதியில் எழுதுங்கள். இறுதியில், நடுவர்கள் தாள்களைக் கொடுத்து முடித்த பிறகு, ஒரு ரயிலை முதல் பலகையிலிருந்து கடைசிப் பலகைவரை நிறுத்தாமல் ஓட்டுங்கள். அதை ஓட்டும் கை அங்கு வந்திருப்பவர்களில் மிக இளையவருடையதாக இருக்கட்டும். சின்னசேலம் நடைமேடை முடியும் இடத்திலிருந்து தொடங்கும் முதல் மீட்டரை உங்களில் யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?

நம்பிக்கையுடன்,
உங்கள் வேலையை மதிக்கும் ஒருவன்